சட்டியை முதலில் எடைபோடுங்கள்: வீட்டுக்கே சமைத்து உங்கள் பங்கை மட்டும் அளந்து சாப்பிட

உடல் எடையைக் குறைக்க, எடைபோட்டுச் சமைக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பெரும்பாலானவை ஓர் ஆளுக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் எழுதப்பட்டவை. கோழி நெஞ்சுத் துண்டு ஒன்று, அவித்த காய் நாலு என்றால் யாருக்கும் கணக்கு வரும். ஐந்து பேருக்குக் கொதிக்கும் மீன் குழம்பில் என் பங்கில் எத்தனை கலோரி என்று கேட்டால் அந்தக் குறிப்புகளில் பதில் இல்லை. அதைத் தேடி நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் நம் வீடுகளில் என்ன சமைப்போமோ, அதையே சமைக்கலாம். தனி அடுப்பும் தனிச் சமையலும் தேவையில்லை. செலவு 30 முதல் 50 ரிங்கிட்டுக்குள் அடங்கும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அதன் பிறகு இரண்டு மூன்று நிமிடம் போதும்.

1. மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் கிளினிக்குக்குப் போங்கள்

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க, சோறு மட்டும் பாதியானால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகள் இந்தக் கட்டுரையைப் பார்த்துத் தாமாகவே எதையும் தொடங்க வேண்டாம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். சுகாதார அமைச்சின் மைசெஜாத்ரா செயலியிலேயே முன்பதிவு செய்யலாம். கையில் கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, இருந்தால் நீரிழிவுப் பதிவேடும் சந்திப்பு அட்டையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் (மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது), கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு. ஊட்டச்சத்து அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள். அந்த அதிகாரி எல்லாக் கிளினிக்கிலும் எல்லா நாளும் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாற்பது வயதைத் தாண்டி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவராகவோ அவருடைய கணவன் அல்லது மனைவியாகவோ இருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் உடல் பரிசோதனை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். தொடங்கும் முன் சர்க்கரை, கொழுப்பு அளவுகள் கையில் இருந்தால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

2. தராசு வாங்கும்போது

டிஜிட்டல் சமையல் தராசு, 5 கிலோ வரை தாங்குவது, 1 கிராம் துல்லியம். வீட்டுச் சாமான் கடைகளிலும் இணையக் கடைகளிலும் 20 முதல் 40 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் 0.1 கிராம் தராசும் வேண்டாம். மஞ்சள் தூளால் யாருக்கும் உடம்பு எடை கூடுவதில்லை.

வாங்கும்போது உங்கள் வீட்டின் பெரிய சட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அகலச் சட்டியை ஏற்றினால் எண் தெரியும் திரை அடியில் மறைந்துவிடும். திரை முன்பக்கம் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் தராசாக எடுங்கள். இல்லையென்றால் கனமில்லாத ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, பூஜ்யமாக்கி, அதன்மேல் சட்டியை வைக்க வேண்டியிருக்கும். பேட்டரி சாதாரண மூன்று ஏ வகையா என்று பாருங்கள். காசுபோல் தட்டையான பேட்டரி தீர்ந்துபோனால் ராத்திரி எட்டு மணிக்கு எங்கே போய்த் தேடுவது?

அலகு மாற்றும் பொத்தான் எல்லாவற்றிலும் இருக்கும். கைபட்டு அது அவுன்சுக்கோ மில்லிலிட்டருக்கோ மாறிவிடும், கவனிக்கவே மாட்டீர்கள். மலிவான தராசுகள் மில்லிலிட்டர் என்று காட்டுவது தண்ணீருக்கு மட்டும்தான் சரி. 100 மில்லி எண்ணெயின் எடை சுமார் 92 கிராம். ஆகவே எதை எடைபோட்டாலும் கிராமிலேயே போடுங்கள்.

3. வாங்கிய அன்றே சோதியுங்கள்

2012 முதல் புழங்கும் பொன்னிற ஐம்பது சென் நாணயம் ஒன்றின் எடை 5.66 கிராம். பத்து நாணயத்தை வைத்தால் 56 அல்லது 57 காட்ட வேண்டும். பழைய வெள்ளி நிற ஐம்பது சென் இதைவிட மிகவும் கனம், அதைக் கலந்துவிடாதீர்கள். பெரிய எடைக்கு, பிரிக்காத 1 கிலோ எண்ணெய்ப் பொட்டலம் போதும். பிளாஸ்டிக்கோடு சேர்த்து 1,000 கிராமுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ரசீதோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள். ரசீதை ஒரு வாரமாவது வைத்திருங்கள்.

தராசு கெட்டியான தரையில், சமமாக நிற்க வேண்டும். மேசைத் துணிமேல் வைத்தால் எண் ஆடும். இன்னொன்று: சில தராசுகள் மிக மெல்லச் சேரும் எடையைக் கண்டுகொள்வதில்லை. சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகக் கொட்டினால் எண் பூஜ்யத்திலேயே நிற்கும். கிண்ணத்தை ஒருமுறை தூக்கி மறுபடி வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

4. சட்டிகளுக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள். வீட்டில் இருக்கும் சட்டி, வாணலி, ரைஸ் குக்கரின் உள்பாத்திரம், குழம்புக் கிண்ணம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மூடி இல்லாமல் எடைபோடுங்கள். எடையைத் தாளில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். "கறிச் சட்டி 1,050. குக்கர் பாத்திரம் 480. சின்ன வாணலி 730." குழம்பு கொதித்த பிறகு வெறுஞ் சட்டியின் எடை தெரியவில்லை என்றால் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், ஒருநாள் செய்தால் மறுநாள் தராசைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவீர்கள்.

அப்படியே வீட்டின் அளவைகளையும் பார்த்துவிடுங்கள். ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் அரிசி தலைதட்டினால் சுமார் 150 கிராம். சமையல் புத்தகக் கப் 240 அல்லது 250 மில்லி. பால் டின்னில் அளக்கும் வீடு என்றால் உங்கள் டின்னில் எவ்வளவு பிடிக்கிறது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும், டின்கள் ஒரே அளவில் வருவதில்லை. பாட்டி எழுதிவைத்த குறிப்பில் 'ஒரு கட்டி கோழி' என்றிருந்தால் அது சுமார் 600 கிராம். அதைக் கிலோ என்று நினைத்துக்கொண்டு மசாலாவைக் கூட்டாதீர்கள்.

5. எதையெல்லாம் எடைபோட வேண்டும்

எல்லாவற்றையும் எடைபோட ஆரம்பிப்பவர்கள் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். நம் சமையலில் கணக்கைக் கெடுப்பவை எண்ணெயும் நெய்யும், தேங்காயும் சந்தானும் (தேங்காய்ப் பால்), அரிசியும் மாவும், சர்க்கரையும் டின் பாலும்தான். இவற்றைக் கிராம் தவறாமல் பிடியுங்கள். கோழி, மீன், பருப்பு, உருளைக்கிழங்கு இவற்றையும் எடைபோடலாம். கீரை, கங்கோங், முட்டைக்கோஸ், வெண்டைக்காய், தக்காளி எல்லாம் கண் அளவே போதும். காய் ஐம்பது கிராம் கூடினால் பத்துப் பதினைந்து கலோரி கூடும். எண்ணெய் ஐம்பது கிராம் கூடினால் 450.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாட்டிலைத் தராசில் நிறுத்தி, எண்ணைப் பூஜ்யமாக்கும் 'டேர்' பொத்தானை அழுத்துங்கள். பாட்டிலை எடுத்து வாணலியில் ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். திரையில் மைனஸ் 28 என்று வந்தால் சட்டிக்குள் போனது 28 கிராம், அதாவது 250 கலோரி. கரண்டியும் வேண்டாம், கழுவுவதும் வேண்டாம். பொரிக்கும்போதும் இதே முறைதான்: எண்ணெயோடு வாணலியைப் பொரிக்கும் முன் ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை எடைபோட்டால் மீன் எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும்.

வீட்டில் சமைப்பவர் நீங்கள் இல்லை, மாமியாரோ அம்மாவோ என்றால்? "இத்தனை வருஷமாகக் கை அளவில் சமைக்கிறேன், என்னைத் தராசில் நிறுத்தப் பார்க்கிறாயா?" என்று ஒரு கேள்வி வரும். அவர் கையில் தராசைத் திணிக்காதீர்கள். எண்ணெய் பாட்டிலையும் தேங்காய்த் துருவலையும் சமையலுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள். சமைப்பவர் பாட்டுக்குச் சமைக்கட்டும்.

மாதக் கணக்கு ஒன்றும் உண்டு. இங்கே எண்ணெய் கிலோவில்தான் விற்கிறது. 2 ரிங்கிட் 50 சென் மானிய விலைப் பொட்டலமும் 1 கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 கிலோ தீர்ந்தால், ஓர் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 33 கிராம், கிட்டத்தட்ட 300 கலோரி. கடைச் சாப்பாட்டின் எண்ணெய் இதில் சேராது.

6. சோறு: பச்சை எடையா, வெந்த எடையா

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி. வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130. செயலியில் 'அரிசி' என்று தேடி முதலில் வருவதைத் தட்டினால் இரண்டில் எது வந்தது என்று தெரியாது. 150 கிராம் சோற்றுக்கு 540 கலோரி என்று எழுதிவிட்டுப் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். தலைகீழாக எழுதிவிட்டு ஏன் குறையவில்லை என்று கேட்பவர்கள் அதைவிட அதிகம்.

அரிசியைப் பச்சையாகவே எடைபோடுங்கள். தண்ணீர் கூடக் குறைய வைத்தாலும் கலோரி மாறாது, எடைதான் மாறும். 300 கிராம் அரிசி என்றால் மொத்தம் 1,080 கலோரி. வெந்ததும் குக்கர் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் 800 கிராம் சோறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராமுக்கு 1.35. உங்கள் தட்டில் 150 கிராம் போட்டால் சுமார் 200 கலோரி. குழைந்த சோறு என்றால் அதே 150 கிராமில் இன்னும் குறைவாக இருக்கும். பருப்பு, கோழி, மீன் எல்லாவற்றுக்கும் இதே விதி. கோழி வேகும்போது நீர் விட்டுச் சுருங்கும், 100 கிராம் பச்சைக் கறி வெந்தால் 75 கிராம் அளவில் நிற்கும்.

7. சட்டிக் கணக்கு

உருளைக்கிழங்கு போட்ட கோழிக் குழம்பு ஒன்றைப் பார்ப்போம். எலும்பும் தோலும் நீக்கிய கோழி 600 கிராம் (720 கலோரி), எண்ணெய் 30 கிராம் (270), பெட்டிச் சந்தான் 200 மில்லி (சுமார் 400), உருளைக்கிழங்கு 200 கிராம் (155), வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மசாலாத் தூள் எல்லாம் சேர்த்து 205. மொத்தம் 1,750.

குழம்பு இறங்கியதும் சட்டியோடு எடைபோடுங்கள். சுடுசட்டியை நேராகத் தராசில் வைத்தால் தராசின் கண்ணாடி விரிசல் விடும், பிளாஸ்டிக் உருகும். மரப்பலகை அல்லது மடித்த துணியை வைத்து, பூஜ்யமாக்கி, அதன்மேல் சட்டியை வையுங்கள். 2,450 காட்டுகிறது. வெறுஞ் சட்டி 1,050. குழம்பு 1,400 கிராம். 1,750ஐ 1,400ஆல் வகுத்தால் 1.25. உங்கள் கிண்ணத்தில் 200 கிராம் எடுத்தால் 250 கலோரி. மற்றவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளட்டும், உங்கள் கணக்கு மாறாது.

அடுத்தமுறை சந்தானைப் பாதியாக்கி, எண்ணெயை 15 கிராமாக்கி, அந்த இடத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அதே 200 கிராம் கிண்ணம் 200 கலோரிக்கு வந்துவிடும். சந்தானைக் கொதியின் முடிவில் சேர்த்தால் குறைந்த அளவிலும் வாசம் நிற்கும். ஆனால் ஒரேயடியாகச் சந்தான் இல்லாமல் வைக்காதீர்கள். வீட்டில் யாரும் தொடமாட்டார்கள், மீந்ததையும் நீங்கள்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

எலும்புள்ள கறி, மீன் குழம்புக்கு மட்டும் ஒரு திருத்தம். துண்டைப் பச்சையாக எடைபோட்டால் எலும்பும் சேர்ந்துவிடும். சாப்பிட்ட பிறகு தட்டில் ஒதுக்கிய எலும்பையும் முள்ளையும் எடைபோட்டு உங்கள் பங்கிலிருந்து கழியுங்கள். கெம்போங் மீன் வாங்கும்போது பாருங்கள், தலை, குடல், முள் போனால் கடையில் கொடுத்த காசில் எவ்வளவு கைக்கு வருகிறது என்று.

8. தோசை மாவில் ஒரு சிக்கல்

மாவு பொங்கும்போது காற்றுதான் கூடுகிறது, எடை கூடுவதில்லை. ஆகவே பொங்கிய மாவில் ஒரு கரண்டியும், கலக்கி அடங்கிய மாவில் ஒரு கரண்டியும் ஒன்றல்ல. மாவுப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, ஊற்ற ஊற்றக் குறையும் எண்ணைப் பாருங்கள். 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் அரைத்தால் மொத்தம் சுமார் 1,780 கலோரி. மாவு 1,250 கிராம் வந்தால் 80 கிராம் தோசை ஒன்றுக்கு 114. சுற்றி விடும் எண்ணெய் தனி, ஐந்து கிராம் விட்டால் 45. தேங்காய்த் துருவல் 100 கிராமில் சுமார் 350 கலோரி இருப்பதால், தோசைக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தொட்டுக்கொள்ளும் சட்னியைத்தான் கிண்ணத்தில் அளந்து வைக்க வேண்டும்.

9. லேபிளும் செயலியும்

இங்கே விற்கும் பொட்டலங்களில் 'மக்லுமாட் பெமாகானான்' என்ற கட்டத்தைத் தேடுங்கள். 'தெனாகா' என்பதுதான் கலோரி. பக்கத்தில் இரண்டு பத்திகள்: ஒன்று 100 கிராமுக்கு, மற்றது ஒரு பரிமாறலுக்கு. எப்போதும் 100 கிராம் பத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாறல் என்பது தயாரிப்பாளர் முடிவு செய்த அளவு. பிஸ்கட் பொட்டலத்தில் அது மூன்று பிஸ்கட்டாக இருக்கும், நீங்கள் ஏழு தின்றிருப்பீர்கள்.

லேபிள் இல்லாத சந்தைப் பொருளுக்கும் உள்ளூர்ச் சாப்பாட்டுக்கும் சுகாதார அமைச்சின் மலேசிய உணவுச் சத்துப் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. வெளிநாட்டுச் செயலிகளில் யாரோ பதிந்த 'கறி' என்ற எண்ணை நம்புவதைவிட இது மேல். செயலி பிடிக்காதவர்களுக்கு ஒரு ரிங்கிட் நோட்டுப் புத்தகமே போதும்.

10. எவ்வளவு குறைப்பது

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போல் சாப்பிட்டு எழுதுங்கள், அவ்வளவுதான். தேத்தண்ணியையும் எழுதுங்கள்: டின் பால் ஒரு மேசைக்கரண்டி சுமார் 20 கிராம், 65 கலோரி, இரண்டு கரண்டி ஊற்றி நாளுக்கு மூன்று கோப்பை குடித்தால் 390. வார முடிவில் நாள் சராசரியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து 300 முதல் 500 வரை குறையுங்கள். மருத்துவர் அல்லது ஊட்டச்சத்து அதிகாரி மேற்பார்வை இல்லாமல் 1,200க்குக் கீழே யாரும் போக வேண்டாம்; ஆண்களுக்கு 1,500.

தட்டின் அமைப்புக்கு அமைச்சு சொல்லும் கால்-கால்-அரை முறை போதும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். எண்ணெயையும் சந்தானையும் குறைத்து மிச்சமாகும் கலோரியில் மீனைக் கூட்டினால் ராத்திரி பதினொரு மணிப் பசி வராது.

11. கடைச் சாப்பாடு

நாசி கண்டார் கடையில் தராசைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தால் வீட்டில் பிரித்து எடைபோடலாம். கடையிலேயே குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். எல்லாக் குழம்பையும் கலந்து 'பஞ்சிர்' ஊற்றிவிட்டால் சோற்றையும் குழம்பையும் பிரிக்கவே முடியாது. வீட்டில் சோற்றை எடைபோட்டு 150 கிராம் எடுங்கள், மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு மூன்று கரண்டி. இதில் துல்லியம் கிடையாது. ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி என்பதுபோலத் தோராயமாக எழுதிக்கொண்டு அடுத்த வேளைக்குப் போங்கள்.

12. உங்களை எடைபோடுவது

காலையில் கழிவறை போய்வந்த பின், எதுவும் சாப்பிடும் முன், ஒரே தராசில். தினமும் பார்க்கலாம், ஆனால் ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். உப்புக் கருவாடும் கூடுதல் சோறும் மறுநாள் ஒரு கிலோவைக் கூட்டிக் காட்டும், அது நீர். பெண்களுக்கு மாதவிடாய் நாட்களிலும் அப்படித்தான். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ இறங்கினால் சரியாகப் போகிறது.

இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை எழுதுங்கள். நம் நாட்டில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. உடல் நிறைக் குறியீடு 23 தாண்டினால் எடை அதிகம், 27.5 தாண்டினால் உடல் பருமன் என்று இங்கே கணக்கிடுகிறார்கள். மேலைநாட்டு அட்டவணையில் இருக்கும் 25, 30 நமக்கு அல்ல.

நான்கு வாரச் சராசரி அசையவே இல்லை என்றால் சோற்றில் கை வைக்க வேண்டாம். பாட்டில் எண்ணெய், தேத்தண்ணிப் பால், சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டது, இவற்றை ஒரு வாரம் விடாமல் எழுதுங்கள். தராசையும் ஐம்பது சென் நாணயத்தில் மறுபடி சோதியுங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், தைராய்டு பரிசோதனை தேவையா, சாப்பிடும் மருந்துகளில் ஏதாவது எடையைக் கூட்டுகிறதா என்று கேளுங்கள்.